மலைப்பாதைக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

பனி கரைந்து வழி திறக்கும் கோடைக்காலம் வந்துவிட்டால், ஹிமாசலப் பிரதேசத்து மணாலியிலிருந்து லடாக்கின் லே நகர் வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மலைப்பாதையில், தேசத்தின் நாலா திசைகளிலிருந்தும், நம் தமிழ்நாட்டிலிருந்தும்கூட, மோட்டார் சைக்கிளில் பிரயாணம் செய்வோர் ஏராளம். புறப்படுமுன் அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதற் கேள்வி, ‘எத்தனை சி.சி. வண்டி வாங்கலாம்?’ என்பதே. என் அபிப்பிராயத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் பாதை ஒரு யந்திரத்திடம் எவற்றையெல்லாம் எதிர்பார்க்கிறது என்று ஆராய்ந்து பார்ப்பவருக்கு, என்ஜினின் கொள்ளளவைவிட வண்டியின் எடையே பிரதானமான விஷயம் என்பது மெல்ல மெல்லப் புலப்படும்.

பாரலாச்சா லா என்னும் கணவாய் சமுத்திர மட்டத்திலிருந்து சுமார் 4,900 மீட்டர் உயரத்திலும், டங்லங் லா 5,300 மீட்டருக்குச் சமீபத்திலும் இருக்கின்றன. இடையில் காட்டா லூப்ஸ் என்ற இடத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. எல்லைச் சாலைகள் அமைப்பினர் வருஷந்தோறும் பாடுபட்டுத் தார் போட்டு வைத்தாலும், மண்சரிவும் பனியுருகிப் பெருகும் ஓடைகளும் அவர்கள் உழைப்பை ஆங்காங்கே அழித்துவிடுவதால், வழுவழுப்பான சாலையில் பத்து நிமிஷம் சென்றவர் திடீரென்று உருண்டைக் கற்களின் மீதோ, முழங்காலளவு குளிர்ந்த நீரிலோ, புழுதி மெத்தையிலோ வண்டியைச் செலுத்த நேரிடுகிறது.

இத்தகைய இடங்களில் முதலில் சோதனைக்கு உள்ளாவது முன்சக்கரம். ரிம்மின் விட்டம் 21 அங்குலமாக உள்ள சக்கரம், டயரோடு சேர்த்து அளந்தால், சுமார் 35 சென்டிமீட்டர் ஆரம் உடையது. 10 அங்குலச் சக்கரம் பூண்ட ஸ்கூட்டருக்கோ அது 22 சென்டிமீட்டருக்கு மேற்படாது. பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல்லின் விளிம்பில் நின்றுவிட்ட சக்கரத்தை அதன்மேல் ஏற்றுவதற்கு, டயர் நசுங்குவதைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், பெரிய சக்கரத்துக்கு அதன்மேல் உள்ள பாரத்துக்கு ஏறக்குறையச் சமமான விசை போதும். சிறியதற்கோ பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தேவைப்படுகிறது. ஓர் அடி அகலமுள்ள குழியைக் கடக்கும்போது முன்னது மூன்றரை சென்டிமீட்டர் அளவே உள்ளே இறங்க, பின்னது ஆறு சென்டிமீட்டர் இறங்கி எழுகிறது. கரடுமுரடான பாதைகளுக்கென்றே 2016ஆம் ஆண்டு வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும், 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸும் 21 அங்குல முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பதற்கு இந்த எளிய ஜியோமிதியே காரணம். தார்ச்சாலை வளைவுகளில் அச்சக்கரம் சற்று மந்தமாகத் திரும்பும் என்பது உண்மையாயினும், பாதியளவாவது கற்பாதையில் செல்ல வேண்டியவருக்கு அது பொருட்படுத்தத் தக்க குறையன்று.

சக்கரம் ஏறி இறங்கும் அதிர்ச்சியை உடல்வரை வரவிடாமல் தடுப்பது சஸ்பென்ஷன். குறிப்பிட்ட வேகத்தில் மோதும் ஒரு பொருளின் இயக்க சக்தியை எவ்வளவு நீளமான தூரத்தில் உறிஞ்சுகிறோமோ அவ்வளவுக்கு அதனால் எழும் விசை குறையும் என்பது இயற்பியலின் விதி. ஆகவேதான் சாதாரண வண்டிகளின் முன் ஃபோர்க் 130 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்க, ஹிமாலயனின் ஃபோர்க் 200 மில்லிமீட்டரும், எக்ஸ்பல்ஸின் ஃபோர்க் 190 மில்லிமீட்டரும் அமுங்குமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. சுருள்வில் சக்தியைத் தற்காலிகமாகச் சேமித்துத் திருப்பித் தருமேயன்றி அழிப்பதில்லை. அந்தச் சக்தியை எண்ணெயைச் சிறு துவாரங்கள் வழியே நெருக்கித் தள்ளி உஷ்ணமாக மாற்றுவது அதனோடு இணைந்த டாம்பர். இங்கே எடையின் பிரச்சினை முதன்முறையாகத் தலைகாட்டுகிறது. பின்னிருக்கையில் ஒருவரையும், இருபுறமும் மூட்டைகளையும் ஏற்றிய மாத்திரத்தில், கல்லுக்கும் குழிக்கும் என ஒதுக்கி வைத்த அந்த நீளத்தின் ஒரு பகுதியைப் பாரமே விழுங்கிவிடுகிறது. மிஞ்சியது தீர்ந்ததும், இரும்போடு இரும்பு மோதும் அந்தச் சத்தம் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கே கேட்கும்.

இனி, காற்று. ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் வாயுமண்டலத்தின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் சுமார் 60 சதவீதந்தான். என்ஜின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் உட்கொள்ளும் பிராணவாயு அந்த விகிதத்தில் குறைவதால், விளம்பரத்தில் 40 குதிரைத் திறன் என்று பொறிக்கப்பட்ட வண்டி அங்கே ஏறத்தாழ 24 குதிரைத் திறனோடுதான் ஏறும். கார்புரேட்டர் பூட்டிய வண்டிகளின் பாடு இன்னும் பரிதாபகரமானது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரின் துவாரமோ காற்று இளைத்த அளவுக்கு எரிபொருளைக் குறைத்துக்கொள்ள அறியாது. காற்றின் அடர்த்தி குறையக் குறைய, அதன் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் கலவை செறிவாகிறபடியால், அந்த உயரத்தில் பெட்ரோல் தேவைக்கு மேல் கால் பங்குக்கும் அதிகமாகக் கலந்து, என்ஜின் கரும்புகை கக்கித் திணறுகிறது. ஃப்யூயல் இஞ்செக்ஷன் அமைந்த வண்டி காற்றழுத்தத்தை உணர்கருவியால் அளந்து எரிபொருளை மட்டுப்படுத்திக்கொள்ளும். மலை ஏறுகிறவர் தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சக்தி இவ்வளவு குறைந்துவிடுமானால் பெரிய என்ஜின்தானே நல்லது என்று வாதிக்கலாம். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. 1955ஆம் ஆண்டு சென்னையில் உற்பத்தி தொடங்கி, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான 350 சி.சி. புல்லட், வெறும் 18 குதிரைத் திறனே உடையதாயினும், எல்லைக் காவலுக்கு ராணுவத்தாலும், பின்னர்ப் பிரயாணிகளாலும் பல தசாப்தங்கள் மலைப்பாதைகளில் ஓட்டப்பட்டது. அதற்கு 19 அங்குலச் சக்கரங்கள் இருந்தன. கனமான ஃப்ளைவீல் இருந்தது. மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் கல்லோடு கல்லாக ஊர்ந்து ஏறும்போது என்ஜின் அணைந்துபோகாமல் காப்பது அந்த ஃப்ளைவீலின் சுழற்சி நிலைமமே. விற்பனையாளர்கள் முறுக்கு விசையின் எண்ணைப் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் சக்கரத்தை அடையும் முறுக்கு விசை, என்ஜின் தருவதைக் கியரின் விகிதத்தால் பெருக்கிவரும் தொகை. முதல் கியர் போதிய அளவு தாழ்வாக இருக்குமானால், சிறிய என்ஜினும் செங்குத்தான ஏற்றத்தைக் கிளட்சைத் தேய்க்காமல் கடந்துவிடும்.

இப்போது எடைக்கு வருவோம். புதிய 450 சி.சி. ஹிமாலயன் பெட்ரோலோடு 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 அதைவிட ஏறக்குறைய 40 கிலோ குறைவு. தார்ச்சாலையில் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. முன்னதன் கனம் பக்கக்காற்றில் ஓர் உறுதியைக்கூடத் தரும். ஆற்றுக் கற்களின் நடுவே சக்கரம் வழுக்கி வண்டி சாயும்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது. கிடக்கும் வண்டியின் கைப்பிடியைப் பற்றி உயர்த்தத் தொடங்குகிறவரின் கைகளுக்கு, எடையில் ஏறத்தாழப் பாதி வந்து சேருகிறது. மூட்டைகளைக் கழற்றாவிட்டால் அவற்றின் பங்கும் உண்டு. கணவாயின் உச்சியில் என்ஜினுக்குக் காற்றுக் குறைந்ததுபோலவே மனிதனின் நுரையீரலுக்கும் குறைந்திருக்கிறது. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் அவ்விடத்தில் நூறு கிலோவை ஒற்றையாய்த் தூக்கி நிறுத்துவது எவ்வளவு சிரமம் என்பதை, விலையைக் கேட்டுக்கொண்டு கடையில் நிற்கும்போது நாம் எண்ணுவதில்லை. ஓடையில் விழுந்த வண்டியின் காற்றுக்குழல் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்க, அதையறியாமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால், அழுந்தாத அந்த நீரோடு பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். பனி உருகி ஓடைகள் பெருகும் பிற்பகலைத் தவிர்த்து விடியற்காலையில் கடப்பதும், காற்றுவாய் உயரத்தில் அமைந்த வண்டியைத் தேர்வதும் இதனால்தான்.

மற்றவை சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. ஆரக்கால் சக்கரம் அடிபட்டால் வளையும், பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிமிர்த்திக்கொள்ளலாம். வார்ப்புச் சக்கரம் விரிசல் விட்டால் அதோடு சரி. ஆரக்கால் சக்கரத்துக்குப் பொதுவாக டியூப் தேவைப்படுவதால், பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டே புறப்பட வேண்டும். எரிபொருளைப் பொறுத்தவரை, அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று, இப்பாதையில் உள்ள டாண்டி என்னும் ஊரில் நெடுங்காலம் நின்ற அறிவிப்புப் பலகையே போதிய எச்சரிக்கை. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் வண்டியின் 15 லிட்டர் டாங்கி அத்தூரத்தைத் தாண்டும், ஆனால் ஏற்றத்திலும் சேற்றிலும் அந்தக் கணக்குச் சுருங்கும் என்பதால் ஓரிரண்டு லிட்டர் கேனில் கொண்டுபோவது நலம். மூட்டைகளைக் குடத்தை இடுப்போடு அணைத்துச் சுமப்பதுபோல வண்டியின் நடுவுக்கு நெருக்கமாகவும் தாழ்வாகவும் கட்ட வேண்டும். பின்கோடியில் உயர்த்திக் கட்டினால், முன்சக்கரம் பாரமிழந்து மணலில் அலைபாயும்.

வாங்குவதற்கு முன் செய்து பார்க்கத் தக்க பரீட்சை ஒன்று உண்டு. ஏற்கெனவே அதே வண்டியை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அனுமதி பெற்று, மூட்டைகளோடு அதைப் புல்தரையில் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்கி, கால்களின் பலத்தால் பின்னோக்கித் தள்ளித் தனியாக நிமிர்த்திப் பாருங்கள். சற்று ஓய்ந்து மறுபடியும் செய்யுங்கள். மூன்றாம் முறையும் சமவெளியிலேயே முடியவில்லையென்றால், அதைவிட இலேசான வண்டியைத் தேடுங்கள், அல்லது மூட்டையைப் பாதியாக்குங்கள்.