உங்களுக்குத் தெரியுமா? ரீகா ஓவியர் குழுவில் ஒரு ரஷ்யப் பெண்

லாட்வியாவின் நவீன ஓவியம் பாரிஸிலிருந்து வந்தது என்பார்கள். அது பாதி உண்மைதான். முதல் உலகப் போரின்போது ரீகா ஓவியப் பள்ளி மாணவர்கள் சிலர் ரஷ்யாவின் பென்சா நகரக் கலைப் பள்ளியில் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு அறிமுகமானவர் அலெக்சாந்திரா பெல்ட்சோவா (1892–1981). பெட்ரோகிராடில் ஓவியர் நாதன் அல்த்மானிடம் பயின்றுவிட்டு 1919இல் ரீகா வந்த அவர், அந்த நண்பர்கள் இயங்கிய ரீகா ஓவியர் குழுவில் இடம்பெற்றார். ஆக, நவீன பாணி ரீகாவுக்கு வந்த வழிகளில் ரஷ்யாவும் ஒன்று.

குழுவின் முன்னணி ஓவியர் ரோமன்ஸ் சூட்டாவின் மனைவி என்பதால் பெல்ட்சோவாவுக்குக் கிடைத்த இடம்தானே என்று சிலர் கேட்கலாம். திருமணம் நடந்தது 1922இல். பயிற்சியும் நட்பும் அதற்கு முந்தியவை. 1924இல் சூட்டா, சிகிஸ்முண்ட்ஸ் விட்பெர்க்ஸ் இருவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய ‘பால்டர்ஸ்’ பீங்கான் ஓவியப் பட்டறை, மறுஆண்டே பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் பதக்கங்கள் பெற்றது. 1925இல் அவர் தீட்டிய ‘வெள்ளையும் கறுப்பும்’ கணவரின் நிழலில் நின்றவர் வரைந்த படம் அல்ல.

இதை வைத்து ரஷ்யச் சிறுபான்மையினரே நவீன ஓவியத்தைக் கொண்டுவந்தார்கள் என்றும் முடிவுகட்ட முடியாது. அதே 1920களில் ரீகாவில் குடியேறிய ரஷ்ய ஓவியர்கள் போக்தானோவ்-பெல்ஸ்கியும் வினோகிராதோவும் பழைய யதார்த்தப் பாணியை விடவேயில்லை. ஓர் ஓவியர் யாரிடம் படித்தார், யாரோடு சேர்ந்து காட்சிக்கு வைத்தார் என்பதே பாணியைத் தீர்மானித்தது. பிறந்த இனம் அல்ல.