டாக்டர் கனவும் ஆங்கில பாசேஜும்

நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க எழுதும் எம்கேட் தேர்வில் ‘கார்ஸ்’ என்றொரு பகுதி உண்டு. 9 ஆங்கில பாசேஜ்கள், 53 கேள்விகள், 90 நிமிடங்கள். அறிவியலில் வெளுத்து வாங்குபவர்களும் வழுக்கும் இடம் இது.

இதற்காக வார்த்தைப் பட்டியல் சி.டி.க்களை வாங்கிக் குவிக்காதீர்கள். கேட்பது அர்த்தம் அல்ல, எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பதே. விடைக்கு வேண்டியதெல்லாம் பாசேஜுக்குள்ளேயே இருக்கும்.

தத்துவம், வரலாறு, கலை என்று வரும் இந்த பாசேஜ்களுக்குப் பயிற்சி தர வத்தலக்குண்டுக்காரர் ஒருவரே இருக்கிறார். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமய்யர்தான் 1896-ல் ‘பிரபுத்த பாரதா’ ஆங்கில மாத இதழின் முதல் ஆசிரியர். 26 வயதிலேயே மறைந்துவிட்டார், பாவம். அவரது ‘ராம்பிள்ஸ் இன் வேதாந்தா’ தொகுப்பை இன்டர்நெட்டில் தேடி எடுங்கள்.

அதில் 600 வார்த்தைகளை வேர்டில் பேஸ்ட் செய்து, 10 நிமிடம் அலாரம் வையுங்கள். டிக்ஷனரி பக்கம் போகாதீர்கள். ‘பட்’, ‘ஹவெவர்’ என்று கருத்து திரும்பும் இடங்களை ஹைலைட் செய்யுங்கள். எம்கேட்டும் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது, அங்கேயும் ஹைலைட் வசதி உண்டு. முடிந்ததும் ஆசிரியர் சொல்வதை ஒரே வரியில் தமிழில் டைப் செய்யுங்கள். தமிழில் வரவில்லையா? அப்படியானால் ஆங்கிலத்திலும் புரியவில்லை. மறுபடி படியுங்கள்.

பிறகு, தேர்வை நடத்தும் ஏ.ஏ.எம்.சி.யின் தளத்தில் இலவச மாதிரித் தேர்வை எழுதிப் பாருங்கள். தப்பான ஒவ்வொரு விடைக்கும், எந்த வரியைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று தனி ஃபைலில் குறித்து வையுங்கள். நீட் போல இங்கே தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் மீதிக் கேள்விகளுக்கும் ஏதாவது ஒன்றை க்ளிக் செய்துவிடுங்கள்.