கியர்ப் பெட்டியின் ஆயுள்

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் ஜில்லாவில், 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010 முதல் ஒரகடத்திலும் மோட்டார்க் கார்கள் உற்பத்தியாகின்றன. கியர் தானாகவே மாறும் கார்களும் நம் தெருக்களில் பெருகிவிட்டன. அவற்றை வாங்குவோரிடம், "கியர்ப் பெட்டி எண்ணெயை ஆயுள் முழுதும் மாற்றவேண்டியதில்லை" என்று சொல்லப்படுவதுண்டு. யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டாமா?

அந்த எண்ணெய் வெறும் மசகு அன்று. டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினின் சக்தியைக் கடத்துவதும், அழுத்தத்தால் உட்கிளட்சுகளைப் பிடிக்கச் செய்வதும், சூட்டை அகற்றுவதும் அதுவே. வெயிலிலும் நெரிசலிலும் ஓடியோடி அது கருகுகிறது; தேய்ந்த துகள்கள் பில்டரை அடைக்கின்றன; அழுத்தம் குறைகிறது; கிளட்சு வழுக்குகிறது; வழுக்கலால் சூடு பின்னும் ஏறுகிறது. சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கவேண்டிய வேலை, பெட்டியையே மாற்றும் செலவில் போய் நிற்கிறது. வாடகைக் காரோட்டிப் பிழைப்பவனுக்கு அது கைமுதலையே விழுங்கும் நஷ்டமாகும்.

ஆகவே, கையேட்டில் கடுமையான உபயோகத்துக்கென விதித்த கெடுவையே பின்பற்றவேண்டும். குறித்த ரக எண்ணெயையே வார்க்கவேண்டும். ஸி.வி.டி. பெட்டிக்குச் சாதாரண ஏ.டி.எப். ஆகாது. நம் நாட்டில் 2014-ல் மலிவான கார்களில் புகுந்த ஏ.எம்.டி. முற்றிலும் வேறு வகை; அதில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது. எண்ணெய் மட்டத்தைச் சமதரையில், குறித்த சூட்டில் சோதிக்கவேண்டும். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், மிகுந்தால் எண்ணெய் நுரைக்கும். பில்டரும் எண்ணெயோடு மாறட்டும்.

தறியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்த நெசவாளர் வாழும் ஊர் இது. தன் வண்டியின் உள்ளே ஓடுவது யாதென்று அறியாதவன் அதற்குப் பணம் கொடுத்தவனே அன்றி, எஜமானன் ஆகான்.