உதவி கேட்பது குறையல்ல



வீட்டு வேலையில் உதவி கேட்பதைத் தாய்மார் சிலர் தமக்கு இழுக்கெனக் கருதுகின்றனர். ரமழானில் ஸஹருக்கு முதலாவதாக எழுந்து, நோன்புக் கஞ்சி காய்ச்சி, இரவில் பாத்திரங்களையும் தனியே கழுவுகின்றனர். கேட்க வாய் வருவதில்லை. பின்னர் கோபம் மட்டும் வருகிறது.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்கள், திருகை சுற்றிக் கை நொந்தபோது பணியாள் ஒருவரைக் கேட்டுத் தந்தையின் இல்லம் சென்றார்கள். தந்தை அங்கில்லாததால் ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லித் திரும்பினார்கள். நபியவர்களோ இரவில் மகளின் வீட்டுக்கே வந்து, உறங்கச் செல்கையில் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவைகள் ஓதக் கற்பித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. பெண் யாவற்றையும் வாய்திறவாது சுமக்க வேண்டும் என்பதற்கு இதனை ஆதாரமாக்குவோர் உளர். கேட்டதற்காக மகளை நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லையே!

கேட்கும் முறையை மூஸா (அலை) அவர்களின் துஆவில் காண்கிறோம் (20:29-32). உதவியாளர் குடும்பத்தவர், சகோதரர் ஹாரூன், தமது பணியில் பங்காளி என யாவும் தெளிவாகக் கேட்கப்பட்டன. "இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்பது முறைப்பாடு. "மகன், இஷாவுக்குப் போகுமுன் பாத்திரங்களைக் கழுவித் தாங்க" என்பது வேண்டுகோள்.

ஆண்பிள்ளையாயிற்றே எனத் தயங்காதீர்கள். நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முதல் நாள் சட்டியில் எண்ணெய்ப் பசை மீதமிருக்கலாம். அதற்காக மகனின் கையிலிருந்து பறித்து நீங்களே கழுவிவிடாதீர்கள்.