நிஜ மரம் எது?

மார்கழிக் குளிர் தேயிலைச் சரிவுகளில் இறங்கத் தொடங்கியதும், மூணாறு, தேவிகுளம் பக்கத்து லயங்களில் ஒரு தர்க்கம் ஆண்டு தவறாமல் தலைதூக்குகிறது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரத்தை வாங்குவதா, முன்போல் மலையிலிருந்து ஒரு பச்சைக் கிளையை ஒடித்து வந்து நிறுத்துவதா என்பதே அது. பாலக்காட்டுச் சீமையில், கொழிஞ்சாம்பாறையின் பனைமரப் பொட்டலில், கூம்பு வடிவ மரத்துக்கு எங்கே போவது? அங்கே கோயமுத்தூர்க் கடைவீதியிலிருந்து வேலந்தாவளம் வழியாகப் பெட்டிக்குள் மடங்கி வருகிற மரமே கதி. ஆகவே தர்க்கத்துக்குரிய இடம் இடுக்கி மலைதான்.

செயற்கை மரம் நேற்று முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியர், தங்கள் காடு அழிவதைக் கண்டு மனம் பொறாமல், வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் தோய்த்துக் கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். அந்த இறகு மண்ணில் மக்கியது, இன்றைய பி.வி.சி. இலையோ மக்குவதில்லை. பத்தாண்டுக்கு மேல் பத்திரமாக வைத்து உபயோகித்தால் எல்லாம் சரிக்கட்டிவிடும் என்று கணக்குக் காட்டுவோரும் உளர், இருக்கட்டும்.

என்னை வருத்துவது வேறு விஷயம். நிஜ மரம், நிஜ மரம் என்கிறோமே, இந்த மலையில் எது நிஜம்? தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு விறகாகும் கிராண்டிஸும் அந்தக் கண்டத்ததே. வாகமண்ணில் உல்லாசப் பிரயாணிகள் நின்று படமெடுத்துக்கொள்ளும் பைன் தோப்பு மனிதன் நட்டது. நாற்றுப் பண்ணையில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயராலேயே விற்கும் அராக்கேரியாவின் பூர்வீகம் பசிபிக் தீவுகள். தென்னாட்டு மலைகளுக்கே உரிய ஊசியிலை வர்க்கத்து மரம் ஒன்றே ஒன்று. நரம்பலி என்பது அதன் பெயர். பெரியாற்றுப் பக்கத்துச் சோலைகளில் அது உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஊசியிலை வர்க்கமாயினும் அதன் இலை அகன்றது. அதைக் கொண்டுவந்து நட்சத்திரம் கட்டினால் வீட்டுக் குழந்தைகள் ஒப்பமாட்டார்கள்.

விருந்தாளி மரங்கள் அழகுக்கு நின்றால் பாதகமில்லை. வட்டவடைக்குப் போய்ப் பாருங்கள். படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் அத்தமிழ்க் கிராமத்தார், கிராண்டிஸ் நின்ற இடத்தில் ஊற்று வற்றிவிடுகிறதென்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். மழையைத் தன் வேரில் வாங்கி, கோடை வரைக்கும் சிறுகச் சிறுக ஓடைக்கு ஈந்துவந்த புல்வெளியின்மீது, தோல் பதனிடும் பட்டைக்கென்று கொணர்ந்த வாட்டில் இன்று தானே பரவி நிற்கிறது. 2006-ல் குறிஞ்சிமலைச் சரணாலயம் என அறிவிக்கப்பட்ட 32 சதுர கிலோமீட்டருக்குள்ளும் இவ்விரு மரங்களும் புகுந்திருக்கின்றன. 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி, தன் கணக்குப்படி 2030-ல் மறுபடி பூக்க வேண்டும். பூப்பதற்குப் புல்வெளி எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற நினைப்பு வந்தால் எனக்குக் கிறிஸ்துமஸ் மரமே மறந்துபோகிறது.

எனவே என் அபிப்பிராயம் இது: பிளாஸ்டிக் வேண்டாம், வாட்டில் கிளையை வெட்டுங்கள், நிலத்துக்குரியவர்களின் அனுமதி பெற்று. தொட்டியில் அராக்கேரியா வாங்கினால் அது தொட்டியோடே இருக்கட்டும். கிளை வெட்டுவதால் மட்டும் வாட்டில் ஒழிந்துவிடாது, வாஸ்தவம். அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். ஆனாலும் அம்மலையில் வெட்டினால் வருத்தப்பட வேண்டாத மரம் அது.

ஒரு சங்கடம் உண்டு. வெட்டிய வாட்டிலின் மெல்லிலை வெகு சீக்கிரம் துவண்டுபோகும். ஆகையால் இருபத்துநாலாந் தேதி சாயங்காலம் வெட்டி, ஈர மணல் நிரப்பிய பானையில் ஊன்றுவது உத்தமம். மூவரசர் திருநாளுக்குள் இலையெல்லாம் உதிர்ந்திருக்கும். குச்சி அடுப்புக்கு ஆகும், நன்றாகவே எரியும்.