வீட்டை மாத்திப் பார்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வாடகைக்குக் குடியிருக்கும் நாம் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: 'வீட்டை மாத்திப் பார்!' அதுவும் பத்தே நாளில், கையில் அதிகப் பணமில்லாமல் மாற்ற வேண்டி வந்தால்?

நம் மணவாள நகருக்கு இது புதிதல்ல. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் திருவள்ளூர் நகரம். பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டை. தெற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். டிப்ளமோ முடித்த பையனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாவட்டம்தான். ஆனால் நம்முடையது அரக்கோணம் பாதை, அது கூடூர் பாதை. சென்னைக்குப் போய்த்தான் வண்டி மாற வேண்டும். ஷிப்ட் வேலைக்குத் தினமும் அப்படிப் போய்வர முடியுமா? வீடு மாறித்தான் ஆக வேண்டும்.

வேலை கிடைத்தாலும் மாற்றம், போனாலும் மாற்றம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் 2014 ஏப்ரல், மே மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. இடையில் நாலு வாரம்கூட இல்லை! சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு இருந்த எத்தனை பேர் மூட்டை கட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் எங்கே போகிறது?

வீடு மாற்றுவதென்றால் வண்டி வாடகையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். உண்மையில் கையைக் கடிப்பது அட்வான்ஸ்தான். பழைய அட்வான்ஸ் திரும்பி வருவதற்கு முன்னாலேயே புது அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நம்ம ஆள் கந்து வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார். அட்வான்ஸ் திரும்பி வந்தாலும் வட்டி நிற்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு வீட்டிலும் வாடகை 7,000 ரூபாய், அட்வான்ஸ் மூன்று மாதம், அதாவது 21,000 ரூபாய். புது அட்வான்ஸ் 21,000, முதல் மாத வாடகை 7,000, வண்டிக்கும் ஏற்றி இறக்கும் கூலிக்கும் 4,000 என்று வைத்தால், மொத்தம் 32,000 ரூபாய் உடனே வேண்டும்.

இதைக் குறைக்க இரண்டு வழி. காலி செய்வதைச் சொல்லும்போதே, "ஐயா, கடைசி மாத வாடகையை அட்வான்ஸ்லயே கழிச்சுக்கங்க" என்று பழைய வீட்டுக்காரரிடம் கேட்பது. அந்த 7,000 சம்பளத்தில் மிச்சமாகும். தேவை 25,000 ஆகிவிடும். "பாதி அட்வான்ஸ் இப்போ தரேன், பாதி பழைய வீட்டுப் பணம் வந்ததும் தரேன்" என்று புது வீட்டுக்காரரிடம் கேட்பது இரண்டாவது. அதில் 10,500 தள்ளிப் போகும். இப்போது வேண்டியது 14,500 ரூபாய்தான்! அப்படியும் போதவில்லை என்றால் தெருமுனை வட்டிக்குப் போகாதீர்கள். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வைப்பது எவ்வளவோ மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் உரிமையில்லை. "நாளைக்கே காலி பண்ணு" என்று சாமானைத் தூக்கி வெளியே வைக்கவும் முடியாது. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

ஆனால் வாய்ப்பேச்சில் குடியிருப்பவருக்கு இதையெல்லாம் கேட்டுப் பெறுவது கஷ்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், அட்வான்ஸுக்கு ரசீது இருக்கட்டும். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்களா என்பதையும் குடி வரும்போதே பேசிவிடுங்கள்.

வீடு தேடுவது, நாள் பார்ப்பது

புரோக்கரிடம் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷனாகப் போய்விடும். அதற்கு முன்னால் பால்காரர், அயர்ன்காரர், மளிகைக் கடைக்காரர் மூவரிடமும் சொல்லி வையுங்கள். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது 'டூ-லெட்' போர்டு மாட்டுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆடியிலும் மார்கழியிலும் குடி போக மாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார், வண்டியும் சுலபமாகக் கிடைக்கும். அம்மா ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்! ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு வழி உண்டு. நல்ல நாளில் சாமி படம், குடம் தண்ணீர், உப்பு, மஞ்சளோடு போய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். சாமானை வேலை நாளில் ஏற்றுங்கள். முகூர்த்த நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டிக்குப் போட்டி. நம் ஊரில் அமாவாசையையும் தவிர்க்கலாம். வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டி நகராது.

ஒரு நடையா, இரண்டு நடையா?

பாலிடெக்னிக் படிப்பு கைகொடுக்கும் இடம் இதுதான். 'குட்டி யானை' என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005-ல் வந்தது. அதன் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடி அகலம். 4 அடி உயரம் அடுக்கினால் 140 கன அடி. பீரோ ஆறரை அடி, 3 அடி, ஒன்றரை அடி என்றால் ஏறக்குறைய 29 கன அடி. பிரிட்ஜ் நாலரை அடி, 2 அடி, 2 அடி என்றால் 18 கன அடி. இப்படி டேப் பிடித்து எல்லாச் சாமானையும் அளந்து கூட்டுங்கள். சந்து பொந்தில் வீணாகும் இடத்துக்குக் கால் பங்கு கழித்துவிடுங்கள். 105 கன அடிக்குள் அடங்கினால் ஒரு நடை. கொஞ்சம் மிஞ்சினால் பழைய பேப்பர், உடைந்த நாற்காலி, ஓடாத பேன் எல்லாம் முதலில் காயலான் கடைக்குப் போகட்டும். இரண்டாவது நடைக்கான வாடகை மிச்சம்!

பீரோவும் கிரைண்டர் கல்லும் முதலில் ஏற வேண்டும்; டிரைவர் கேபினை ஒட்டி, அடியில். பாரம் கீழே இருந்தால் வளைவில் வண்டி ஆடாது. கட்டிலைக் கழற்றி, அதன் போல்ட் நட்டுகளை ஒரு துணிப் பையில் போட்டுக் கட்டில் காலிலேயே கட்டிவிடுங்கள். பிரிட்ஜ் நிமிர்ந்தே வர வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் உள்ள ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும். அப்படிப் படுக்க வைக்க நேர்ந்தால், இறக்கியதும் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போடுங்கள். பாத்திரங்களுக்கு அட்டைப் பெட்டி வாங்க வேண்டாம். அண்டாவுக்குள் பாத்திரம், பாத்திரங்களுக்கு நடுவே புடவை, வேட்டி. ஐப்பசி, கார்த்திகை என்றால் தார்ப்பாய் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

கிளம்புமுன்

கரண்ட் கணக்கெடுப்பு நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. காலி செய்யும் அன்று மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் ஓட்டிய பேனுக்கும் நம் அட்வான்ஸில் பிடிப்பார்கள். கேஸ் இணைப்பைப் பொறுத்தவரை, ஊருக்குள்ளேயே மாறினால் முகவரி மாற்றம் போதும். வேறு ஊர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் வாங்கிச் செல்லுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், சர்டிபிகேட், நகை இவை வண்டியில் ஏறக் கூடாது. அம்மா கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சாமான் இறக்கிய கையோடு பழைய வீட்டைப் பெருக்கி, சாவியை நேரில் கொடுத்து, ரெண்டு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டு வாருங்கள். மனக்கசப்போடு பிரிந்தவருடைய அட்வான்ஸ் தாமதமாகத்தான் வரும். சட்டம் கையில் இருக்கட்டும் நண்பர்களே, சுமுகம் வாயில் இருக்கட்டும்!