கார் டோட்டல் லாஸ் ஆனா கையில எவ்வளவு வரும்?

பாலிசியில உங்க காருக்குப் போட்டிருக்கிற மதிப்புதான் ஐ.டி.வி. ரிப்பேர் செலவு அதுல 75 சதவீதத்தைத் தாண்டினா, கார் டோட்டல் லாஸ். கிளெய்ம் தொகை நீங்க வாங்கின விலை இல்ல, இந்த ஐ.டி.வி.தான்.

உதாரணம்: ஷோரூம் விலை 10 லட்சம், ரினியூவல் அன்னைக்கு காருக்கு வயசு இரண்டரை. தேய்மானம் 30% போக ஐ.டி.வி. 7 லட்சம். 1,500 சிசி வரைக்கும் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். லோன் பாக்கி 6 லட்சம் இருந்தா அது முதல்ல பேங்குக்குப் போகும். உங்களுக்கு மிச்சம் 99,000.

பிரீமியம் குறையட்டும்னு ஐ.டி.வி.யை 6 லட்சமா வச்சிருந்தீங்கன்னா? காரும் இல்ல, காசும் இல்ல. பேங்குக்கு இன்னும் 1,000 ரூபாய் கட்டணும்!

அதனால ரினியூவல் பண்ணும்போது பிரீமியத்தை மட்டும் பாக்காதீங்க. லோன் பாக்கியை விட ஐ.டி.வி. கூட இருக்கான்னு பாத்துட்டுப் பணம் கட்டுங்க.